எழுதுற கணக்கும் பெத்த கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் எண்களுக்குப் பஞ்சமில்லை. பெரியாறு அணையில் இன்றைக்கு நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு டீக்கடையில் கேட்டால், பத்திரிகையைப் புரட்டாமலே யாராவது சொல்லிவிடுவார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி என்பது கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை எல்லோருக்கும் மனப்பாடம். இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர் என்பார்கள். கடைசி 7 ஏக்கரைக்கூட விட்டுவிட்டுச் சொல்ல மனம் வராது. தண்ணீரும் மண்ணும் சம்பந்தப்பட்ட எண்ணில் இவ்வளவு கறாராக இருக்கிற இதே ஜனங்களில் 891 என்ற எண்ணைக் கேள்விப்பட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2001 ஜனத்தொகைக் கணக்கின்படி தேனி மாவட்டத்தில் ஆறு வயது முடிய உள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 891 பெண். தமிழ்நாடு முழுவதற்கும் அந்த வருஷத்து எண் 942.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? ஆண் குழந்தைகள் இயற்கையிலேயே கொஞ்சம் அதிகமாகப் பிறக்கின்றன. 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் என்பது உலகத்தில் ஏறத்தாழப் பொதுவான விகிதம். அப்படியானால் 1000 ஆணுக்கு 950-ஐ ஒட்டிப் பெண்கள் இருந்திருக்கவேண்டும். 950-க்கும் 891-க்கும் நடுவே ஏறக்குறைய 60 பேர் இல்லை. அவர்கள் பிறந்த சில நாளில் போக்கப்பட்டவர்களா, ஸ்கேனுக்குப் பிறகு பிறக்கவே விடப்படாதவர்களா, காய்ச்சலில் கவனிப்பாரில்லாமல் செத்தவர்களா என்று எண் சொல்லாது. எந்தத் தெரு, எந்தச் சாதி, யாருடைய கை என்றும் சொல்லாது. இல்லை என்பதை மட்டும் சொல்லும். 2011 கணக்கில் மாவட்டத்தின் விகிதம் ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பின்னால் ஏறுகிற விகிதம் முன்னால் விட்டுப்போனவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்படி ஆனது ஒரு மாணவியால். சமூகவியல் முதுகலைக்கான ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தை, அதாவது அட்டவணைகளும் அவற்றின் கீழே எழுதப்படும் முடிவுகளும் வருகிற அத்தியாயத்தை, தமிழ் சரிபார்த்துத் தரச்சொல்லிக் கொண்டுவந்தாள். பள்ளத்தாக்கில் ஒரு ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. ஆரம்பத்தில் அவள் பகலில் போயிருக்கிறாள். இங்கே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய்விடுகிறார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பது கிழவிகளும் நோயாளிகளும்தான். இரண்டு வாரம் கழித்து அவளுக்கு இது உறைத்திருக்கிறது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் போனாள்.

அப்படிப் பகலில் போன ஒரு நாள், ஒரு கிழவியிடம் வினாநிரலில் உள்ளபடி "குழந்தைகள் எத்தனை" என்று கேட்டிருக்கிறாள். கிழவி கொஞ்ச நேரம் அவள் கையிலிருந்த பேனாவையே பார்த்துவிட்டு, "எழுதுற கணக்கச் சொல்லவா தாயி, பெத்த கணக்கச் சொல்லவா?" என்று கேட்டாள். இவள் பதில் சொல்லவில்லை. கிழவியே "மூணுன்னு எழுதிக்க" என்றாள். கட்டத்தில் 3 என்று எழுதிக்கொண்டு இவள் எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த 3 அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. "கட்டம் ஒண்ணுதான சார் இருக்கு, பெத்த கணக்க எங்க எழுதுறது?" என்று என்னிடம் கேட்டாள். தமிழ் திருத்துவதற்காகக் கூப்பிடப்பட்டவனிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. இதைத் தமிழ் சம்பந்தப்பட்ட கேள்வியாக எடுத்துக்கொள்வதா கூடாதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது, ஆம் என்று நினைக்கிறேன்.

விஞ்ஞானம் கிழவியின் கேள்வியை அறியாதது அல்ல. 2001, 2011 கணக்கெடுப்புகளில் மணமான பெண்களிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை. இந்த இரண்டு விடைகளின் வித்தியாசத்தையும் தாயின் வயதையும் வைத்துக்கொண்டு, சாவுப் பதிவு ஒழுங்காக இல்லாத தேசங்களிலும் சிசு மரணத்தைக் கணிக்கும் வழியை வில்லியம் பிராஸ் என்ற மக்கள்தொகை அறிஞர் வகுத்தார். கேட்கத் தெரியாதது அந்த வினாநிரலின் குறை. ஆனால் சரியாகக் கேட்டிருந்தாலும் கிழவி சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். எழுதுகிறவரைக் கண்டு இந்தப் பக்கத்து ஜனங்கள் ஒதுங்குவதற்குக் காரணம் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பெயரை எழுதிக்கொண்டு, விரல் ரேகையை எடுத்துக்கொண்டு, ராத்திரிக்கு ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச்சொன்ன சட்டம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்கள் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுடப்பட்டுச் செத்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது நீங்கியது. பதிவேட்டில் ஏறுவது என்றால் என்ன என்று பாட்டன் காலத்திலேயே தெரிந்துகொண்டுவிட்ட பிரதேசத்தில் "எழுதுற கணக்கா" என்ற கேள்வி வெகுளித்தனத்தில் பிறந்ததாக இருக்கமுடியாது.

இந்த இடத்தில் நம்முடைய வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. எழுத்தாளர்களாகிய நமக்குப் புள்ளிவிவரம் என்றால் ஒரு இளக்காரம். அனுபவமே சத்தியம், எண் என்பது அனுபவத்தை உலர்த்தி எடுத்த சக்கை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சமூகவியலுக்கு உள்ளேயே இந்தக் குரல் எழுந்திருக்கிறது. வெறும் தரவுச் சேகரிப்பில் அமிழ்ந்துபோன ஆய்வுமுறையை 1959-இல் ஸி. ரைட் மில்ஸ் கடுமையாகவே சாடினார். நம் நாட்டில் எண்ணைச் சந்தேகிக்க வேறு நியாயமும் உண்டு. எமர்ஜென்ஸி காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அங்கே எண் முதலில் வந்தது. அதை நிரப்ப மனிதர்கள் பிற்பாடு பிடித்துக்கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் அது இலக்கு. இலக்கும் கணக்கும் ஒரே இலக்கத்தில் எழுதப்படுகின்றன என்பதால் ஒன்றாகிவிடமாட்டா. இலக்குக்கு மனிதன் கடன்பட்டவன். கணக்கோ மனிதனுக்குக் கடன்பட்டது. அவன் இருந்ததை, அல்லது இல்லாமற்போனதை, ஒப்புக்கொள்ள வந்தது.

இல்லாமற்போனவர்கள் விஷயத்தில் நம்முடைய இலக்கியம் என்ன செய்யமுடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994-இல் 'கருத்தம்மா'வை எடுத்தார். கொல்லக் கொடுக்கப்பட்ட பெண் குழந்தை அதில் காப்பாற்றப்பட்டு, வேறிடத்தில் வளர்ந்து, டாக்டராக ஊருக்குத் திரும்புகிறாள். படத்தைக் குறை சொல்வது என் உத்தேசமில்லை. கதைக்குப் பிழைத்த ஒருத்தி தேவைப்படுகிறது. பிழைக்காதவளுக்குக் குணச்சித்திரம் இல்லை, வசனம் இல்லை, பெயர் வைக்கும் நாள்கூட வரவில்லை. அவளைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தால் நாம் தாயைப் பற்றித்தான் எழுதுவோம். தாயின் துக்கம், தாயின் குற்ற உணர்வு, கதவுக்கு வெளியே நின்ற மாமியார். எல்லாம் எழுதவேண்டியவையே. ஆனால் மையத்தில் இருந்தவள் அதற்குள் நழுவிவிடுகிறாள். நம் இலக்கணமும் அவளுக்கு அனுகூலமாக இல்லை. குழந்தை பிறந்தது, குழந்தை செத்தது என்று அஃறிணையில்தான் சொல்கிறோம். மகள் என்று உறவு சொல்லி அழைத்த பிறகுதான் பிறந்தாள், செத்தாள் என்று வினை உயர்திணைக்கு ஏறுகிறது. உயிருள்ளதை எண் ஜடமாக்கிவிடுகிறது என்று குற்றம் சாட்டுகிற நாம், அட்டவணைக்கு முன்பே மொழி இதைச் செய்துகொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அந்த 60 பேருக்கு இருக்கிற ஒரே தடயம் ஒரு கழித்தல். 950-லிருந்து 891 போக மீதி என்ற அந்தக் கழித்தலுக்கு வெளியே அவர்கள் எங்குமே இல்லை. ஆகவே எண் இங்கே சக்கை இல்லை. இவர்களைப் பொறுத்தமட்டில் கிடைக்கிற சாட்சி அது ஒன்றுதான்.

சாட்சி என்று ஒப்புக்கொண்டால், அதை எப்படி எழுதுவது என்பது நீதி சம்பந்தப்பட்ட பிரச்னையாகிவிடுகிறது. இதற்கு உதாரணமாக ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கான காரணங்களில் ஒன்றாக 'சமூகக் காரணங்கள்' என்று எழுதப்பட்டது. பெண் சிசுக்கொலைக்கு அது இடக்கரடக்கல். இந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலாராணி சுங்கத்தும் 1997-இல் தமிழ்நாட்டுப் பெண் சிசுக்கொலை பற்றிய கட்டுரையை எழுதினார்கள். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்தச் சொற்றொடர் வேறொன்றை ஞாபகப்படுத்தும். 1897-இல் வெளியான தற்கொலை பற்றிய நூலில் எமில் துர்க்கைம் இரண்டாம் பகுதிக்கு வைத்த தலைப்பிலும் 'சமூகக் காரணங்கள்' உண்டு. தனி மனிதனின் அந்தரங்கச் செயலாகத் தோன்றுகிற தற்கொலைக்குப் பின்னால் சமூகம் இருக்கிறது என்று வெளிச்சம் போட்டுக் காட்ட அவர் கையாண்ட சொற்கள், நூறு வருஷம் கழித்து நம் கிராமத்துப் பதிவேட்டில் ஒன்றை மூடிவைக்கப் பயன்பட்டன. முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கசப்பாக இருந்தது.

இப்போது அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவேட்டை எழுதிய கிராம நர்ஸின் நிலையில் நின்று பார்க்கவேண்டும். வயிற்றுப்போக்கு என்று அவள் எழுதியிருந்தால் பிரச்னையே இல்லை. அந்தச் சாவு மற்றச் சாவுகளோடு கலந்து கரைந்திருக்கும். கொலை என்று எழுதியிருந்தால் மறுநாள் போலீஸ் வந்திருக்கும். பெரும்பாலும் பிரசவித்த பச்சை உடம்புக்காரியைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த வீடும் நர்ஸுக்குக் கதவைத் திறந்திருக்காது. அவள் எழுதியது பூசி மெழுகிய சொல்தான். ஆனால் தனி வரிசையில் எழுதினாள். தனி வரிசையில் இருந்ததால் கூட்ட முடிந்தது. கூட்டியதால் எந்த வட்டாரங்களில் அதிகம் என்று தெரிந்தது. அதன் பின்னால்தான் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களுக்கு நாடகக் குழுக்கள் போயின. துர்க்கைம் போன்றவர்கள் நம்பிய அரசாங்கப் புள்ளிவிவரங்கள், சாவை இன்னதென்று தீர்மானிக்கிற அதிகாரிகளின் அர்த்தங்களால் ஆனவை என்று 1967-இல் ஜாக் டக்ளஸ் வாதிட்டார். வாஸ்தவம். ஆனால் அந்த அதிகாரி சில சமயம் எல்லாம் தெரிந்த ஒரு நர்ஸாகவும் இருக்கலாம்.

மறைப்பதில் இரண்டு விதம் உண்டு என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. இங்கே ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்படி மறைப்பது ஒன்று. மறைத்த சுவடே தெரியாமல் மறைப்பது மற்றது. முன்னது மரியாதையாக இருக்கலாம். பின்னது எப்போதும் பொய். மாணவியின் அத்தியாயத்துக்குத் திரும்புகிறேன். அவளுடைய அட்டவணையில் 'பதில் இல்லை' என்று ஒரு பத்தி இருந்தது. அதைப் 'பிற' என்பதோடு சேர்த்துவிட்டால் அட்டவணை அடக்கமாக வரும் என்று அவளுக்கு யோசனை சொல்லப்பட்டிருந்தது. பொதுவாக யாரும் சொல்லக்கூடிய யோசனைதான். ஆனால் 'பிற' என்பது சில்லறை பதில்களின் குவியல். 'பதில் இல்லை' என்பது வாயைத் திறந்து மூடிக்கொண்டவர்களின் எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்தால் கிழவியின் மௌனம் யாரோ ஒருவரின் அலட்சியத்தோடு கலந்துவிடும். இன்னொரு பக்கம், அவள் ஊர், தெரு, சாதி, வயது வாரியாக எல்லாவற்றையும் பிரித்துக் காட்டவும் ஆசைப்பட்டாள். அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் 1 என்ற எண் வந்து நிற்கும். அந்த 1 யார் என்று ஊருக்குத் தெரியும். அத்தனை பெரிய அட்டவணையில் அந்தக் கட்டம் மட்டும் ஆள் காட்டும் விரலாக இருக்கும்.

சாதி வாரியாகப் பிரிப்பதில் இங்கே தனியான அபாயம் ஒன்று இருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1986-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் அட்டைப்படக் கட்டுரை வந்த பிறகு அந்த ஊரின் பெயரே சிசுக்கொலைக்கு மறுபெயராகிவிட்டது. கூடவே ஒரு சாதியும். பின்னால் வந்த கணக்குகள் வேறு கதை சொல்லின. 2001-இல் சேலம் மாவட்டத்தின் எண் 851, தர்மபுரியின் எண் 826. அங்கே வசிப்பவர்கள் வேறு சமூகத்தினர், வேறு தொழில், வேறு நிலம். இரண்டு எண்களும் தேனியைவிடக் கீழே. ஒரு மாவட்டத்தின் சராசரியை எடுத்து அங்கே வாழ்கிற ஒரு சாதியின் நெற்றியில் ஒட்டுவது தர்க்கப் பிழை என்று சமூகவியல் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழை மட்டுமில்லை, அநியாயமும்கூட. ரேகைச் சட்டம் செய்ததும் இதைத்தான்: சிலரின் குற்றத்தை எண்ணி, எல்லோருடைய பிறப்பிலும் எழுதியது.

வாக்கியங்களுக்கு வருகிறேன், அதற்காகத்தானே அவள் வந்தாள். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டறியப்பட்டது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். புள்ளியியலில் இதற்கு அர்த்தம் திட்டமானது: இத்தனை சிறிய மாதிரியில் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வந்துவிடக்கூடும் என்பது. தமிழில் வாசிக்கிறவனுக்கோ, குறிப்பிட ஒன்றுமில்லை என்று கேட்கும். சோதனை சொன்னது "என்னால் சொல்லமுடியவில்லை" என்று. வாக்கியம் சொல்வது "ஒன்றும் நடக்கவில்லை" என்று. பிறகு அந்தக் 'கண்டறியப்பட்டது'. யார் கண்டறிந்தது? பகலில் போனபோது கிழவிகளையும், சாயங்காலம் போனபோது தோட்டத்திலிருந்து அலுத்து வந்த பெண்களையும் பார்த்த ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் யார் வீட்டில் உட்கார்ந்தாள், யார் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்றாள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 'படு'விகுதி போட்டுவிட்டால் அது புறவய நோக்கு ஆகிவிடும் என்பது நம் கல்வி நிலையங்களில் பரவியிருக்கும் மூடநம்பிக்கை. கேட்டவள் மறைந்துகொள்கிறாள், அவ்வளவுதான்.

மாணவர்கள் கணக்கெடுப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். பலர் தங்கள் சொந்த ஊரைத்தான் எழுதினார்கள். 1918-இல் புத்தகமாக வந்த அந்த எழுத்தில் குறைகள் இல்லாமலில்லை. ஆனாலும் 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், அவர்களுக்குப் பின்னால் வேறு பலரும், அதே ஊர்களுக்குத் திரும்பிப் போக முடிந்தது. என்ன கேட்டோம், எங்கே கேட்டோம் என்று முதலில் போனவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு முடிவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை: நாளைக்கு வேறொருத்தி போய், அதே கதவைத் தட்டி, நீ சொன்னது தவறு என்று நிரூபிக்க வழிவிட்டிருக்கிறாயா? கவிதைக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. நாம் எழுதியதைத் தவறு என்று யாரும் நிரூபிக்க முடியாது என்பதை நம் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சலுகையும்தான்.

கடைசியில் அவள் செய்தது இது. 'பதில் இல்லை' தனியாகவே நின்றது. சாதியையும் தெருவையும் நீக்கிவிட்டு, அட்டவணைக்குக் கீழே நான்கு வாக்கியங்கள் சேர்த்தாள்: சில பிரிவுகளைக் காட்டவில்லை, காட்டினால் ஆள் தெரிந்துவிடும் என்பதால். குழந்தைகள் பற்றிய கேள்வியை ஒற்றைக் கேள்வியாகக் கேட்டது என் தவறு. இதில் வருகிற எண்கள் உயிரோடிருக்கும் குழந்தைகளைக் குறிக்கின்றனவா, பிறந்த எல்லாக் குழந்தைகளையுமா என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சுட்டிக்காட்டியவர் பதில் சொன்னவர்களில் ஒருவர். 'கண்டறியப்பட்டது' என்ற இடங்களில் 'கண்டேன்' என்று மாற்றியிருந்தாள். அதில் எத்தனை நிலைத்தது, எத்தனை அடிக்கப்பட்டது என்று நான் விசாரிக்கவில்லை. கிழவியின் கட்டத்தில் 3 அப்படியே இருக்கிறது. திரும்பிப் போய்ப் பெத்த கணக்கைக் கேட்கலாமா என்று என்னைக் கேட்டாள். அவள் சொல்ல விரும்பினால் அன்றைக்கே சொல்லியிருப்பாள் என்றேன். நான் சொன்னது சரிதானா என்று இன்னும் நிச்சயமில்லை.

இந்தக் கட்டுரையிலும் கிழவியின் ஊரை நான் எழுதவில்லை. சாதியையும் எழுதவில்லை. இரண்டும் எனக்குத் தெரியும்.